நான்காவது அளவு

ஆர்டர் வந்த செய்தியை அக்கா ஃபோனில் சொன்னபோது நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை வண்டி. பங்காருப்பேட்டைக் கூட்டம் ஏறி முடிந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ள அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது.

"ஏய், பெரிய ஆர்டரு வந்துகீதுடி. ஊரு பூரா பெருக்குறாங்களே, அந்தப் பொம்பளைங்களுக்கு கோட்டு. அத்தனையும் நம்ம தான் தெக்கப் போறோம்."

அவள் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு வேலை போனது. அக்கா பத்தாவதோடு நின்று தையலுக்குப் போனாள். நான் தொடர்ந்து படித்தேன். கல்லூரிக்கு நான் போட்டுப் போன உடைகள் எல்லாம் அவள் தைத்தவை. எங்கே வாங்கினாய் என்று சக மாணவிகள் கேட்பார்கள். என் அக்கா தைத்தது என்று சொல்வதில் எனக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. இப்போது ஸ்கெலட்டன் என்ற எங்கள் பேட்டையில், எங்கள் புத்த விகாரையை ஒட்டிய கூடத்தில், ஒன்பது மெஷின்களோடு அவள் ஒரு தையல் கூடம் நடத்துகிறாள். எட்டுப் பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள்.

நான் பெங்களூரில் ஓர் ஆன்லைன் விற்பனைக் கம்பெனியில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களில் யாரோடு யார் ஒத்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களைக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பது என் வேலை. வீட்டில் இதைப் பலமுறை விளக்கிப் பார்த்துவிட்டேன். அப்பா, "கம்ப்யூட்டர் வேலை" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வார். அக்கா, "என்னவோ பிரிக்கிறா" என்பாள்.

ஆர்டர் கொடுத்தவர் பெங்களூரில் யூனிஃபார்ம் சப்ளை செய்பவர். எங்கள் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளிப் பெண்களுக்கு, புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளும் முழுக்கைக் கோட்டு. பச்சைத் துணியும், சின்னது, நடுத்தரம், பெரியது எனத் துணியை வெட்டிக்கொள்ள மூன்று காகித பேட்டர்னும், பெரிய அளவில் தைத்த ஒரு மாதிரிக் கோட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா நடுத்தரத்தில் ஒரு கோட்டு தைத்து, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவைப் பெருக்கும் ஓர் அம்மாவை வரவழைத்துப் போட்டுப் பார்த்தாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் கூடத்தில் இருந்தேன்.

அந்த அம்மா குள்ளம். வருஷக்கணக்காகக் குப்பை வண்டி தள்ளியதில் தோள் நன்றாக அகன்றிருந்தது. நடுத்தரக் கோட்டு தோளில் ஏறவே இல்லை. சப்ளையர் கொடுத்திருந்த பெரிய அளவு மாதிரியைப் போட்டோம். தோள் சரியாக உட்கார்ந்தது. ஆனால் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. கீழ் ஓரம் கணுக்காலைத் தொட்டது.

"எப்பவும் இப்பிடித் தாம்மா," என்றார் அவர், அக்காவைச் சமாதானப்படுத்துகிற குரலில். "நான் கைய நாலு மடிப்பு மடிச்சி உட்டுக்குவேன். ரெண்டு தெரு பெருக்குனா அவுந்துக்கும். மறுபடி மடிச்சிக்குவேன்."

அக்கா கோட்டைக் கழற்றி, தேவைக்கு மேல் அழுத்தி மடித்து வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா போனதும் சப்ளையருக்கு ஃபோன் போட்டாள். எல்லாரையும் அளந்துவிட்டுத்தான் தைப்பேன் என்றாள்.

அவர் சிரித்தது எனக்கே கேட்டது. "அளந்துக்கோங்க மேடம். ஆனா பேட்டர்ன் மூணு தான். மூணு சைஸ் சாக்கு."

சாக்கு என்றால் கன்னடத்தில் போதும். அக்கா ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னாவோ கொத்து கொத்தா பிரிக்கிறேன்னு சொல்லுவியே, இத்தப் பிரி. எத்தினி சைஸு வேணும்னு நீ சொல்லு. நான் அந்தாளுக்கு பதில் சொல்றேன்."

என் வேலை தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருநூறுக்குச் சற்றுக் குறைவான பெண்கள். அக்கா இரண்டு வாரத்தில் அத்தனை பேரையும் தானே அளந்தாள். வேறு யார் கையிலும் டேப்பைக் கொடுக்கவில்லை. ஸ்கெலட்டன் பக்கத்துப் பெண்கள் வேலை முடிந்து மதியம் கூடத்துக்கு வந்தார்கள். ஆண்டர்சன்பேட்டைப் பக்கத்துப் பெண்களை, விடியற்காலை அவர்கள் மஸ்டர் போடக் கூடும் இடத்துக்கே போய் அளந்தாள். வேலைக்கு வந்ததாகப் பெயர் கொடுக்கும் இடத்தை, சுரங்கத்தில் சொன்னதுபோல இன்றைக்கும் மஸ்டர் என்றுதான் எங்கள் ஊரில் சொல்கிறோம். தோள், மார்பு, இடுப்பு, புட்டம், கை நீளம், புஜம் ஆகியவற்றை இஞ்ச் டேப்பிலும், உயரத்தை மட்டும் சுவரில் ஒட்டிய சென்டிமீட்டர் தாளிலும் எடுத்தாள். கோடு போட்ட நோட்டில் முத்து முத்தாக எழுதியிருந்தாள். உட்கார இடம் கிடைத்த நாட்களில் ரயிலிலேயே நான் அதை லாப்டாப்பில் ஏற்றினேன்.

முதல் ஓட்டத்திலேயே தவறு செய்தேன். மூன்று கொத்தாகப் பிரி என்று கணினியிடம் சொன்னேன். குள்ளமானவர்கள், நடுத்தர உயரம், உயரமானவர்கள் என்று மிக அழகாகப் பிரித்துக் கொடுத்தது. சப்ளையரின் பேட்டர்ன்கள்தான் சரியோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றிவிட்டது. பிறகுதான் உறைத்தது. உயரம் மட்டும் சென்டிமீட்டரில் இருந்ததால் அதன் எண்கள் பெரியவை, அவற்றின் ஏற்ற இறக்கமும் பெரியது. கணினிக்குச் சென்டிமீட்டரும் இஞ்சும் ஒன்றுதான், எண் மட்டுமே தெரியும். அதனால் உயரத்தை மட்டும் பார்த்துப் பிரித்துவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொடுக்கும் பாடம் இது. எல்லா அளவையும் ஒரே தட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மறுபடி ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் அக்காவும் நானும் மட்டும் உட்கார்ந்தோம்.

"எத்தினி சைஸுன்னு அதுவே சொல்லாதா?" என்றாள்.

"சொல்லாது. நீ எத்தனைன்னு சொல்றியோ அத்தனையா பிரிச்சிக் குடுக்கும். பத்துன்னா பத்து, இருவதுன்னா இருவது."

"அப்போ அதுக்கு இன்னா புத்தி கீது?"

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்றேன். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நடு ஆள் உண்டு. அதில் உள்ள எல்லாருடைய அளவுக்கும் சராசரியான ஒரு கற்பனைப் பெண். ஒவ்வொருவரும் தன் கொத்தின் நடு ஆளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்க்கலாம். கொத்துகளைக் கூட்டக் கூட்ட அந்தத் தூரம் குறைந்துகொண்டே போகும். ஆளுக்கு ஒரு கொத்து என்றால் தூரமே இல்லை.

"அதுக்குப் பேருதான் டெய்லரு," என்றாள் அக்கா. "ஆளுக்கு ஒரு அளவு. ஆனா இருநூறு பேட்டர்ன் வெட்ட முடியாதே."

அதனால்தான், எந்த இடத்தைத் தாண்டினால் இன்னொரு கொத்து சேர்ப்பதில் பெரிய பலன் இல்லையோ, அந்த இடத்தை வரைபடத்தில் தேடுவோம் என்றேன். செங்குத்தாக இறங்கும் கோடு அங்கே மடங்கும். முழங்கை மாதிரி இருப்பதால் எங்கள் தொழிலில் அதற்கு முழங்கை என்றே பெயர்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். மூன்றிலிருந்து ஆறு வரை கோடு ஒரே சீராக வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"இதுல முழங்கை எங்கடி கீது? தும்பிக்கை மாதிரி இருக்குது."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. உண்மைதான். பாடப் புத்தகத்தில்தான் முழங்கை தெளிவாக மடங்கியிருக்கும். நிஜத் தரவில் பெரும்பாலும் தும்பிக்கைதான்.

அதனால் அடுத்த அளவுகோலுக்குப் போனேன். சில்லூயட் என்பார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியாக ஒரு மதிப்பெண். அவள் தன் கொத்துக்காரர்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறாள், அதற்கு அடுத்து அருகில் இருக்கும் கொத்திலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறாள் என்று இரண்டையும் ஒப்பிடுவது. மதிப்பெண் ஒன்றை நெருங்கினால் அவள் சரியான இடத்தில் இருக்கிறாள். பூஜ்யம் என்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். பூஜ்யத்துக்கும் கீழே போனால் தவறான கொத்தில் மாட்டியிருக்கிறாள்.

அக்கா ஒரு நிமிஷம் கூட எடுத்துக்கொள்ளவில்லை. "பக்கத்து சைஸையும் ஒருத்திக்குப் போட்டுப் பாக்கற. அதுவும் இதே மாதிரி உக்காந்தா, இது அவ சைஸே இல்ல. அவ்வளோதானே?"

அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான் அதை அந்த வார்த்தைகளில்தான் சொல்கிறேன்.

எல்லாருடைய மதிப்பெண்ணையும் சராசரி எடுத்தபோது இரண்டு கொத்துக்குத்தான் அதிகம் வந்தது. சின்ன உடம்பு, பெரிய உடம்பு. உண்மையான பிரிவுதான், ஆனால் கோட்டு தைக்க உதவாது. இரண்டை ஒதுக்கிவிட்டால் அடுத்து உயர்ந்து நின்றது ஐந்து. அந்த ஐந்தாவது கொத்து இருக்கிறதே, நான் என் வேலையில் அவ்வளவு அழகான கொத்தைப் பார்த்ததில்லை. ஒருவரோடு ஒருவர் நெருக்கமாக, மற்ற நான்கிலிருந்தும் தெளிவாக விலகி நின்றார்கள். மார்பும் இடுப்பும் புஜமும் பருத்து, உயரமும் கையும் புட்டமும் சாதாரணமாக இருக்கும் பெண்கள். தூய்மை வேலை செய்யும் உடம்புக்கு இப்படி ஒரு வடிவம் வந்துவிடுகிறது போலும், இதை யாரும் கவனித்ததில்லை என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. சப்ளையர் கூடத்துக்கு வந்தபோது படம் போட்டு விளக்கினேன்.

"அஞ்சா?" என்று தலையைச் சொறிந்தார். ஆனால் தனியாகத் திரண்டு நின்ற அந்தக் கொத்தைப் பார்த்ததும் அவரும் ஒப்புக்கொண்டார். "சரி மேடம். அஞ்சுலயும் ஒவ்வொரு சாம்பிள் தைங்க. பார்ப்போம்."

அக்கா ஐந்தாவது அளவிலிருந்து தைக்க ஆரம்பித்தாள். அந்தக் கொத்தின் பெயர்ப் பட்டியலில் இருந்த ஒரு பெண்ணை மதியம் வரச்சொல்லிப் போட்டுவிட்டாள். கோட்டு அவர்மேல் சாக்கு மாதிரித் தொங்கியது. உள்ளே இன்னொருவர் நுழையலாம். பட்டியலிலிருந்து இன்னொருவரை அழைத்தோம். அவருக்கும் அப்படியே.

அக்கா நோட்டைப் புரட்டினாள். டேப்பை எடுத்து அந்தப் பெண்ணின் மார்பை மறுபடி அளந்தாள். நோட்டில் எழுதியதைவிட மூன்று இஞ்ச் குறைவு. இடுப்பும் குறைவு. புஜமும் குறைவு.

"நான் தப்பா அளக்க மாட்டேன்," என்றாள் என்னிடம். அவள் முகம் சுண்டிவிட்டது. "இருவது வருஷமா அளக்கறேன். இது நான் எழுதுன எழுத்து. நான் தப்பா அளக்க மாட்டேன்டி."

அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு வெடிகாலைல அளந்தீங்களேம்மா. குளுருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கினு இருந்தேன் இல்ல?"

எங்கள் ஊர் மேட்டு நிலம். மார்கழி தையில் விடியற்காலைக் குளிர் எலும்புக்குள் இறங்கும். ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் மஸ்டருக்கு வரமாட்டார்கள். சிலர் இரண்டு போட்டிருப்பார்கள். அந்தக் குளிரில் கழற்றச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. ஸ்வெட்டருக்கு மேலேயே அளந்துவிட்டு, அதைக் குறித்துக்கொள்ள மறந்துவிட்டாள். ஐந்தாவது கொத்தின் பெயர்களைச் சரிபார்த்தேன். ஒருவர் விடாமல் எல்லாரும் விடியற்காலையில் அளக்கப்பட்டவர்கள்.

நான் பார்த்து மயங்கிய கொத்து ஸ்வெட்டர்களின் கொத்து. கணினி பொய் சொல்லவில்லை. அந்த அளவுகள் உண்மையிலேயே ஒன்றோடு ஒன்று ஒத்திருந்தன, மற்றவற்றிலிருந்து விலகியிருந்தன. எனக்கு வந்த மதிப்பெண் சரியான மதிப்பெண்தான். அது எதைப் பற்றிய மதிப்பெண் என்று நான்தான் கேட்கவில்லை. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு இவர்கள் யார் யார் என்று முதல் நாளே அக்காவிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அன்று அக்கா மெஷின்முன் உட்கார்ந்து அந்த ஐந்தாவது கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உன்ன அந்தாளுக்கு முன்னால அசிங்கப்படுத்திட்டேன்," என்றாள்.

"நீ அளந்துதான் குடுத்த. படம் போட்டு ஆடுனது நான்தானே."

அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

சப்ளையருக்கு நானே ஃபோன் செய்தேன். நான் சொன்னது தவறு, ஐந்தாவது அளவு என்று ஒன்று இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ பழையபடி மூணு தானே மேடம்?" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"இன்னும் தெரியல சார். ஒரு வாரம் குடுங்க. தெரிஞ்சதும் சொல்றேன்."

அந்த ஒரு வாரத்தில் அக்கா விடியற்காலையில் அளந்த அத்தனை பேரையும் மதியத்தில் வீடு வீடாகத் தேடிப் போய் மறுபடி அளந்தாள். வேலைக்கு மட்டும் இங்கே வந்துபோகிற ஒரு பெண்ணின் வீடு பேத்தமங்களாவில். அவருக்காகப் பஸ் பிடித்து அங்கேயும் போய்வந்தாள். வரும்போது ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு வந்தாள். அளக்க வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அந்த வீட்டார் ஒப்பவில்லையாம். இந்தத் தடவை நோட்டில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் மணியும், மேலே என்ன உடுத்தியிருந்தார் என்பதும் எழுதியிருந்தாள்.

புது அளவுகளை ஏற்றி ஓட்டினேன். ஐந்தாவது கொத்து கரைந்து போயிற்று. மூன்றும் நான்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் நின்றன. இதில் மூன்றுக்கு ஒரு மயிரிழை அதிகம்.

சப்ளையரின் மூன்று. அந்த எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. மதிப்பெண் மூன்று என்று சொல்லும்போது, என் அக்கா கோபப்பட்டாள் என்பதற்காக நான் நான்கு என்று சொல்ல முடியாது. அது என் தொழிலுக்கு நான் செய்யும் துரோகம். ஆனால் ஒரு தடவை சராசரியை நம்பிப் பட்டிருந்தேன். அதனால் சராசரியை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு பெண்ணின் மதிப்பெண்ணையும் வரிசையாகப் படித்தேன்.

அங்கேதான் விஷயம் இருந்தது. மூன்று கொத்தாகப் பிரித்தபோது பெரும்பாலான பெண்களுக்கு நல்ல மதிப்பெண். ஆனால் ஒரு பத்தில் ஒரு பங்குப் பெண்களுக்குப் பூஜ்யத்தைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் கிடந்தது. அவர்கள் நடுத்தரத்திலும் பெரியதிலும் சிதறிக் கிடந்தார்கள், இரண்டுக்கும் சொந்தமில்லாமல். பெயர்களைப் படித்தேன். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு அம்மா அதில் இருந்தார். குள்ளமாகவும் தோள் அகன்றும் இருக்கும் பெண்கள். நான்கு கொத்தாகப் பிரித்தபோது அவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அப்போது மற்றவர்களின் மதிப்பெண் துளித்துளியாகக் குறைந்தது, பக்கத்தில் ஒரு புதுக் கொத்து வந்துவிட்டதால். அதனால்தான் சராசரி மயிரிழை இறங்கியது. ஆனால் மிக மோசமான இடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள்.

இது தற்செயலா என்றும் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்குப் பெண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டு, மீதிப் பேரை மறுபடி பிரித்தேன். வேறு வேறு ஆட்களை விட்டுவிட்டு நூறு தடவை அப்படிச் செய்தேன். எத்தனை தடவை கலைத்தாலும் அந்தப் பெண்கள் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். ஆனால் இந்தச் சோதனையை அந்த ஸ்வெட்டர் கொத்தும் தாண்டியிருக்கும், அது எனக்குத் தெரியும். அதனால் அக்காவிடம் பெயர்ப் பட்டியலையும் கொடுத்தேன்.

அவள் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். "ஆமா. ஆமா. இவங்களும் ஆமா. இவங்கள அளக்கும்போதே நெனச்சேன், இந்த மூணு சைஸுல எதையும் இவங்களுக்குப் போட முடியாதுன்னு." கடைசிப் பெயர்வரை போனாள். "எல்லாரையும் நான் மதியத்துலதான் அளந்தேன். ஸ்வெட்டர் இல்ல. இவங்க நிஜம்டி."

நான்காவது அளவில் கோட்டு தைத்தாள். பேட்டர்ன் வெட்டியதில் அவள் செய்த வேலை என் கணக்கைவிடப் பெரியது. தோளும் உடம்பும் பெரிய அளவிலிருந்து, நீளமும் கையும் சின்ன அளவிலிருந்து எடுத்து, இரண்டையும் அக்குளில் இணைத்தாள். கை தூக்கினால் இழுக்காமல் இருக்க அங்கே ஒரு சின்ன முக்கோணத் துணி வைத்தாள். பெரிய அளவை விரித்து வெட்டும்போது மிஞ்சும் துணியிலேயே இதன் கைகள் அடங்கிவிடும்படி அடுக்கினாள்.

சப்ளையர் வந்த அன்று கடைத்தெரு அம்மாவும் வந்திருந்தார். நான் இந்தத் தடவை படம் எதுவும் காட்டவில்லை.

"போட்டுப் பாருங்க," என்றாள் அக்கா.

அம்மா கோட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். கை மணிக்கட்டில் நின்றது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சப்ளையர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக் குனிந்து கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பெருக்கினார். பிறகு நிமிர்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். கோட்டு மேலே ஏறவில்லை.

"எங்கியும் புடிக்கல," என்றார். அவர் குரலில் நம்ப முடியாத ஒரு வியப்பு இருந்தது.

சப்ளையர் கோட்டின் அக்குளைத் தொட்டுப் பார்த்தார், அந்த முக்கோணத் துணியைப் பார்த்தார். துணி எவ்வளவு கூடுதலாகும் என்று கேட்டார். அக்கா தரையில் பேட்டர்ன்களை அடுக்கிக் காட்டினாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நன்றாகப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நாலு மேடம்," என்றார். "நாலே இருக்கட்டும்."

அக்கா பொட்டு அளவும் சிரிக்கவில்லை. "சரிங்க சார்," என்றாள், தினமும் இப்படி நடக்கிற மாதிரி. அவர் கார் கிளம்பிய சத்தம் கேட்டபிறகுதான் என் கையைப் பிடித்து நசுக்கினாள். எட்டுப் பெண்களும் கைதட்டினார்கள்.

"காலைல குளுருக்கு உள்ள ஸ்வெட்டர் போட கொஞ்சம் எடம் உடும்மா," என்று கடைத்தெரு அம்மா கிளம்பும்போது சொன்னார். அக்கா நான்கு அளவிலும் இரண்டு பக்க விலாவில் பட்டியும் இரண்டிரண்டு பொத்தானும் வைத்தாள். விடியற்காலையில் தளர்த்திக்கொள்ளலாம், வெயில் ஏறியதும் இறுக்கிக்கொள்ளலாம். நான் தரவிலிருந்து துரத்திய ஸ்வெட்டருக்கு அவள் பொத்தான் வைத்துக் கொடுத்தாள்.

கோட்டுகளைக் கொடுத்த அன்று நான் விடுப்பு எடுத்தேன். ஒன்று முதல் நான்கு வரை எண்தான் போட்டிருந்தோம், சின்னது பெரியது என்று எழுதவில்லை. ஒருவரும் மாற்றிக் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஏழெட்டுப் பேர் மாற்றிக்கொண்டார்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் பெயர்கள் என் பட்டியலிலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தன. யாரோ ஓர் அதிகாரி, அளவு யார் எடுத்தது என்று கேட்டார். "என் தங்கச்சி கணக்கு போட்டா," என்றாள் அக்கா. அதே நேரத்தில் நான், "அக்கா அளந்தாங்க," என்றேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அவருக்கு எதுவும் புரியவில்லை.

இந்தக் கதையை அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். ஸ்வெட்டர் வந்த இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக லாப்டாப்பைத் திறந்தார்கள். நாங்கள் பிரித்து வைத்திருக்கும் வாடிக்கையாளர் கொத்துகளில் எத்தனை ஸ்வெட்டர்கள் இருக்கின்றனவோ என்று அவரவர் யோசித்திருக்க வேண்டும். இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு கொத்திலிருந்தும் பத்துப் பேரையாவது அழைத்துப் பேசிவிட்டுத்தான் எண்ணை முடிவு செய்வோம். என் மேலதிகாரி, உன் அக்காவை ஒரு நாள் அழைத்துவர முடியுமா என்று கேட்டார்.

அக்கா முதலில் மறுத்தாள். "நான் அங்க வந்து இன்னா பேசறது?" பிறகு வந்தாள். காலை ரயிலில், நீலப் பட்டுப்புடவையில், டேப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு. கண்ணாடி அறையில் இருபது பேருக்கு முன்னால் தமிழில் பேசினாள். நான் மொழிபெயர்த்தேன். குளிர்சாதனத்துக்குப் பயந்து ஜாக்கெட் மாட்டியிருந்த ஒருவரை எழுப்பி, ஜாக்கெட்டோடு ஒரு தடவை, கழற்றச் சொல்லி ஒரு தடவை அளந்து, இரண்டு எண்ணையும் பலகையில் எழுதினாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் ஒருவர் கேட்டார், நான்கு சரியான எண் என்று உங்களுக்கு எப்படி நிச்சயமாகத் தெரிந்தது என்று.

"நிச்சயமால்லாம் தெரியாதுங்க," என்றாள் அக்கா. "மூணுல யாருக்கு கஷ்டம்னு தெரிஞ்சிது. நாலுல அவங்க கஷ்டம் போச்சு. அஞ்சாவதா ஒருத்தரு வந்து எனக்குப் புடிக்குதுன்னு சொன்னா மறுபடி அளப்பேன்."

எங்கள் ஊர்த் தமிழில் புடிக்குது என்றால் இறுக்குகிறது என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எதிரில் இருந்த பெண், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று சும்மா கேட்டார். அக்கா பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "தங்கச்சி ஆபீஸுல பேசக் கூப்ட்டாங்க. பேசிட்டு வரேன்," என்று ஆரம்பித்தவள், பங்காருப்பேட்டை வரும்வரை நிறுத்தவில்லை. சில்லூயட்டை அவளே விளக்கினாள். சரியாகத்தான் விளக்கினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.